கடல் கொன்றதா, காலதாமதம் கொன்றதா?

(ஓகி புயலில் மாண்ட மீனவர்களின் நினைவாக அம்பத்தூரில் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



கடற்கரையிலிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும் இந்த அம்பத்தூரில் நின்றுகொண்டு இன்று கடலைப் பற்றிப் பேசப் போகிறோம். லேத்தும் பிரஸ்ஸும் ஓட்டுகிற நமக்கும் வலை இழுக்கிறவனுக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் ஐஸ் பெட்டியைத் திறந்து மீனை எடுத்துத் தராசில் போடுகிறார்கள். நாம் விலை கேட்கிறோம், பேரம் பேசுகிறோம். அந்த விலையில் டீசல் செலவு உண்டு, ஐஸ் செலவு உண்டு, தரகு உண்டு, வண்டி வாடகை உண்டு. மனித உயிரும் அதில் சேர்ந்திருக்கிறது என்பது மட்டும் தராசில் தெரிவதில்லை.

உலகத்தில் ஆண்டுதோறும் 24,000 பேர் மீன்பிடித் தொழிலில் மாண்டு போகிறார்கள் என்பது சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் மதிப்பீடு. கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு அறுபத்தைந்து பேர்! ஒரு தொழிற்சாலையில் அறுபத்தைந்து பேர் ஒரே நாளில் இறந்தால் நாடே கொந்தளிக்கும். மீனவன் இறந்தால், "கடல் கொண்டது" என்று ஒரு வரியில் எழுதிக் கணக்கை முடித்து விடுகிறார்கள்.

கடல்தான் கொண்டதா? இதை நாம் விசாரிக்க வேண்டும். அதற்காக இரண்டு கடல்களின் கதையைச் சொல்கிறோம். ஒன்று, தண்ணீரே உறைந்து போகிற வடகடல். மற்றொன்று, நம்முடைய குமரிக் கடல்.

ஐஸ் ஏறிய கப்பல்கள்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஹல் என்றொரு துறைமுக நகரம். அங்கிருந்து மீன்பிடிக் கப்பல்கள் ஐஸ்லாந்துக்கு வடக்கேயும் அதற்கு அப்பாலும் போய்க் காட் மீன் பிடித்து வரும். ஒவ்வொரு பயணமும் சுமார் மூன்று வாரம். மாரிக்காலத்தில் அந்தக் கடலில் பொழுது விடிவதே அபூர்வம்.

1968 ஜனவரி 10-ந் தேதி, 'செயின்ட் ரோமனஸ்', 'கிங்ஸ்டன் பெரிடாட்' என்ற இரண்டு கப்பல்கள் அங்கிருந்து புறப்பட்டன. ஒவ்வொன்றிலும் இருபது பேர். 20-ந் தேதி 'ராஸ் கிளீவ்லண்ட்' என்ற மூன்றாவது கப்பல் புறப்பட்டது. மூன்றும் திரும்பவில்லை. மூன்றே வார காலத்தில் 58 தொழிலாளர்கள் போனார்கள். மூன்றாவது கப்பலிலிருந்து ஒரே ஒருவர் பிழைத்தார்.

அந்தக் கடலில் கப்பல் எப்படி முழுகுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அலை மோதித் தெறிக்கிற திவலை, கம்பியிலும் கொடிமரத்திலும் மேல்தட்டிலும் பட்ட மாத்திரத்தில் ஐஸாக உறைந்து விடும். அதன்மேல் இன்னொரு திவலை, அதன்மேல் இன்னொன்று. விரல் கனமுள்ள கம்பி தொடை கனத்துக்கு வீங்கிவிடும். டன் கணக்கான எடை கப்பலின் தலையில் ஏறும். எடை கீழே இருந்தால் பொருள் நிற்கும், மேலே ஏறினால் சாயும். கிரேன் ஓட்டுகிற தோழர்களுக்கு இதை நாங்கள் விளக்க வேண்டியதில்லை. ஆகவே புயலுக்கு நடுவே தொழிலாளர்கள் கோடாலியும் இரும்புத்தடியும் எடுத்துக்கொண்டு ஐஸை வெட்டி வெட்டிக் கடலில் தள்ள வேண்டும். வெட்டுகிற வேகத்தைவிட உறைகிற வேகம் அதிகமானால் கப்பல் பக்கவாட்டில் படுத்துவிடும். 'ராஸ் கிளீவ்லண்ட்' பிப்ரவரி 4-ந் தேதி ஐஸ்லாந்தின் வளைகுடா ஒன்றில் அப்படித்தான் சாய்ந்தது. காற்றுக்கு ஒதுங்கப் போன இடத்தில்தான் சாய்ந்தது. கப்பல் சாய்கிறது என்று ரேடியோவில் அறிவித்த கேப்டன், தம் அன்பையும் தோழர்களின் அன்பையும் வீட்டிலிருப்பவர்களுக்குத் தெரிவிக்கச் சொல்லிவிட்டு மறைந்தார்.

அந்தத் தண்ணீரில் விழுந்தவனுக்கு உயிர்தப்ப நிமிஷங்கள்தான் உண்டு. மிதவையில் ஏறியவர்கள் மூன்று பேர். இருவர் போதிய உடையில்லாமல் குளிரில் விறைத்து அந்த மிதவையிலேயே இறந்தார்கள். நீர்புகாத கனத்த வேலையுடை அணிந்திருந்த ஹாரி எட்டம் என்பவர் மட்டும் கரை சேர்ந்தார். சாவுக்கும் வாழ்வுக்கும் நடுவே நின்றது ஒரு உடை!

இதைக் கேட்கும்போது, இது இயற்கையின் கொடுமைதானே, யார் மேல் குற்றம் சொல்வது என்று தோன்றும். ஹல் நகரத்து முதலாளிகளும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் முதலாவது கப்பலின் கதையைக் கவனியுங்கள். 'செயின்ட் ரோமனஸ்' கப்பலில் ரேடியோ இருந்தது. அதை இயக்கத் தனி ஆபரேட்டர் இல்லை. ஒரு ஆளின் சம்பளம் மிச்சம்! புறப்பட்ட நாளோடு அதன் குரல் நின்றுவிட்டது. குரல் வரவில்லையே என்று கம்பெனி அபாயமணி அடித்தது எப்போது? ஜனவரி 26-ந் தேதி. பதினாறு நாட்கள்! இருபது பேர் உயிரோடிருக்கிறார்களா இல்லையா என்று கேட்கக்கூட ஆளில்லாமல் பதினாறு நாட்கள் கழிந்தன.

முக்காடு போட்ட மாதர்

அப்போதுதான் ஹெஸ்ஸில் ரோடு என்ற மீனவர் தெருவிலிருந்து பெண்கள் கிளம்பினார்கள். லில்லியன் பிலோக்கா என்ற பெண்மணி மீன் சுத்தம் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தவர். கணவரும் மகனும் கடலில் பிழைப்பவர்கள். மேரி டென்னஸ், கிறிஸ்டின் ஜென்சன், இவான் பிளென்கின்சாப் என்ற இன்னும் மூன்று பெண்கள் அவருடன் சேர்ந்தார்கள். வீடு வீடாகப் போய்ச் சில நாட்களிலேயே பத்தாயிரம் கையெழுத்து வாங்கினார்கள். தலையில் துணி கட்டிக்கொண்டு துறைமுகத்தை நோக்கி ஊர்வலம் போனார்கள். ரேடியோ ஆபரேட்டர் இல்லாத கப்பல் புறப்பட்டால் அதில் குதித்துத் தடுப்பேன் என்று கிளம்பிய லில்லியனைப் போலீசார் பிடித்து இழுத்தார்கள்.

பிப்ரவரி 6-ந் தேதி லண்டனுக்குப் போய் மந்திரிகளை நேரில் சந்தித்தார்கள். அவர்கள் கேட்டது தங்கமா வைரமா? ஒவ்வொரு கப்பலிலும் ரேடியோ ஆபரேட்டர், ஒழுங்கான வானிலை அறிக்கை, காப்பு உடைகள், மீன்பிடி இடத்திலேயே டாக்டரோடு நிற்கிற ஒரு துணைக்கப்பல். பல காலமாக "நடக்காது", "கட்டுப்படியாகாது" என்று ஒதுக்கப்பட்ட விஷயங்கள் சில நாட்களில் நடந்தன! 'ஆர்சினோ' என்ற துணைக்கப்பல் அந்த மாரிக்காலத்திலேயே ஐஸ்லாந்துக் கடலுக்குப் போய் நின்றது. விசாரணைக் கமிட்டி அமைந்து 1969-ல் அறிக்கை தந்தது.

அந்தப் பெண்மணிக்கு என்ன பரிசு கிடைத்தது? வேலை போயிற்று. மீன் தொழிலில் வேறெங்கும் வேலை கிடைக்காதபடி கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறிற்று. மிரட்டல் கடிதங்கள் வந்தன. 1988-ல் அவர் இறந்தபோது செல்வமும் இல்லை, செல்வாக்கும் இல்லை. அவர் காப்பாற்றிய உயிர்கள் எத்தனை என்று எண்ண யாராலும் முடியாது.

இன்னொரு விஷயம். ஹல் மீனவர்கள் சட்டப்படி "தற்காலிகத் தொழிலாளர்கள்". ஒவ்வொரு பயணத்துக்கும் தனியாகக் கையெழுத்து. இருபது, முப்பது வருஷம் உழைத்தவனும் தற்காலிகம்தான்! 1976-க்குப் பிறகு ஐஸ்லாந்துக் கடல் மூடப்பட்டுக் கப்பல்கள் நின்றபோது, தற்காலிகத் தொழிலாளிக்கு ஏது நஷ்டஈடு என்று கையை விரித்தார்கள். விடாமல் போராடி 2000-த்தில்தான் சர்க்கார் நஷ்டஈட்டுத் திட்டம் வந்தது. அதற்குள் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வருஷக்கணக்காக ஒரே மிஷினில் நின்றும் ஒப்பந்தத் தொழிலாளி என்ற பெயர் மாறாத அம்பத்தூர் தோழர்களுக்கு இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது.

குமரிக் கடலின் எட்டு ஊர்கள்

இனி நம் கடலுக்கு வருவோம். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், கேரள எல்லையை ஒட்டி எட்டு ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை. ஆழ்கடலில் சுறாவும் சூரையும் பிடிப்பதில் இந்தியாவிலேயே பெயர்பெற்றவர்கள் இந்த ஊர்க்காரர்கள். ஐஸும் டீசலும் அரிசியும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டால் வாரக்கணக்கில் கடலிலேயே இருப்பார்கள். கொச்சியிலிருந்து லட்சத்தீவுக் கடல், அங்கிருந்து குஜராத்துக் கரைக்கு எதிரே உள்ள கடல் என்று அரபிக்கடல் முழுவதும் அவர்களுக்குத் தொழில் செய்யும் களம்.

கூலி எப்படி? மாதச் சம்பளம் கிடையாது, பங்கு. விற்ற பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மீதியைப் படகுக்கும் ஆட்களுக்கும் பிரித்துக்கொள்வார்கள். மீன் இல்லாவிட்டால் பங்கும் இல்லை. கடன் மட்டும் மிச்சம்.

2017 நவம்பர் கடைசியில் இலங்கைக்குத் தென்மேற்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாயிற்று. 29-ந் தேதி, மீனவர் கடலுக்குப் போக வேண்டாம் என்ற எச்சரிக்கை வந்தது. புயல் என்ற அறிவிப்பு 30-ந் தேதி பகலில் வந்தது. அந்நேரம் குமரிக் கரையில் மரங்களும் மின்கம்பங்களும் விழுந்துகொண்டிருந்தன. ஓகி என்று பெயர் சூட்டப்பட்ட அந்தப் புயல் கடலின் மேலேயே வலுத்து, மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தை எட்டி, லட்சத்தீவைத் தாக்கி வடக்கே திரும்பியது.

கரையில் இருந்தவனுக்கு எச்சரிக்கை பயன்படும். பத்து நாள் முன்பே கடலுக்குப் போனவனுக்கு? படகிலிருந்த வயர்லெஸ் சில பத்து மைல்களுக்கு மேல் எட்டாது. நூறு, இருநூறு மைலுக்கு அப்பால் நிற்கிறவனுக்குப் புயல் வருகிறது என்று சொல்ல வழியே இல்லை. புயல் வந்துதான் புயலைச் சொல்லிற்று.

தமிழ்நாடு, கேரளம் இரண்டிலுமாக இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்ந்து முந்நூறு பேருக்கு மேல். ஹல் நகரத்தில் 58 பேருக்காக ஒரு சர்க்காரே கூட்டம் போட்டது. இங்கே அதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல்!

நிமிஷங்களும் நாட்களும்

தோழர்களே! இப்போது நாங்கள் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம்.

ஐஸ்லாந்துத் தண்ணீரில் விழுந்தவனுக்கு இருந்தது நிமிஷக் கணக்கு. பக்கத்தில் கப்பல் இருந்தாலும் காப்பாற்றுவது கஷ்டம். நம் அரபிக்கடலின் தண்ணீர் வெதுவெதுப்பானது. அதில் விழுந்தவன் உடனே விறைத்துச் சாவதில்லை. கவிழ்ந்த படகின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டும், காலி டீசல் கேனைக் கட்டிக்கொண்டும் இரண்டு நாள், மூன்று நாள் மிதந்து பிழைத்து வந்தவர்கள் உண்டு. உப்புநீர் பட்டுத் தோல் உரிந்து, கண் வீங்கி, குடிக்க நீரில்லாமல் வந்தவர்கள் அவர்கள். உடன் மிதந்த தோழன் கை சோர்ந்து ஒவ்வொருவனாக நழுவிப் போனதை அவர்கள் சொன்னபோது கேட்டவர்கள் அழுதார்கள்.

ஒவ்வொருவனாக நழுவிப் போனான் என்றால் பொருள் என்ன? முதல் நாள் உயிரோடிருந்தான். இரண்டாம் நாளும் உயிரோடிருந்தான். வெயிலைப் பார்த்தான், கப்பல் வருகிறதா என்று பார்த்தான். வரவில்லை. கடல் அவனுக்கு அவகாசம் கொடுத்தது. கரை அந்த அவகாசத்தை வீணாக்கியது. கப்பற்படையும் கடலோரக் காவல்படையும் விமானங்களும் தேடப் போயின என்பது உண்மை. பலரை மீட்டார்கள் என்பதும் உண்மை. உயிரைப் பணயம் வைத்துத் தேடிய மாலுமிகளை நாம் குறை கூறவில்லை. ஆனால் எங்கே தேடுவது என்று ஆபீசில் யாருக்கும் தெரியவில்லை. எத்தனை படகு போயிற்று, எந்தப் படகில் எத்தனை பேர், எந்தத் திசையில் என்று சொல்லச் சர்க்காரிடம் முழுமையான கணக்கு இல்லை. சர்க்கார் ஒரு எண்ணிக்கை சொல்லிற்று. பங்குக் கோயில்களில் வீடு வீடாக எழுதிய பட்டியல் வேறு எண்ணிக்கை சொல்லிற்று. கடைசியில் மீனவர்களே தங்கள் படகுகளை எடுத்துக்கொண்டு தங்கள் சகோதரர்களைத் தேடப் புறப்பட்டார்கள். காற்று எந்தப் பக்கம் வீசினால் படகு எங்கே ஒதுங்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

குழித்துறைத் தண்டவாளத்தில்

2017 டிசம்பர் 7-ந் தேதி கடலோர ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கான ஜனங்கள் நடந்து வந்து குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தின்மேல் உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடு தாய்மார்கள்; கணவனின் போட்டோவைப் பிடித்த இளம்பெண்கள்; கிழவிகள். ரயில்கள் நின்றன. இரவாகியும் அவர்கள் எழுந்திருக்கவில்லை. காணாமல் போனவர்களைத் தேடு, முதல் மந்திரி இங்கே வரட்டும் என்பது கோரிக்கை. ஹெஸ்ஸில் ரோடு பெண்களை அவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். வயிற்றெரிச்சலுக்குப் பாஷை ஏது, தேசம் ஏது?

ஐந்து நாள் கழித்து, 12-ந் தேதி முதல் மந்திரி வந்தார். முதலில் 10 லட்சமென்று சொல்லப்பட்ட நிவாரணம் 20 லட்சமாயிற்று. கேரளத்தில் இடதுசாரி சர்க்கார் ஏற்கெனவே 20 லட்சம் அறிவித்திருந்தது. காணாமல் போனவன் இறந்துவிட்டான் என்று கொள்ள ஏழு வருஷம் காத்திருக்க வேண்டுமென்று 1872-ம் வருஷத்து சாட்சியச் சட்டம் கூறிற்று. உடல் கிடைக்காத வீட்டில் அடுப்பு ஏழு வருஷம் காத்திருக்குமா? அந்தக் காத்திருப்பு இல்லாமலே நிவாரணம் கொடுக்க இரண்டு சர்க்கார்களும் இசைந்தன. இது யாருடைய கருணையும் அல்ல; தண்டவாளத்தில் உட்கார்ந்தவர்கள் வாங்கியது. அதற்காக ஆயிரக்கணக்கானோர் மேல் போலீஸ் வழக்கும் பதிவாயிற்று. அங்கே லில்லியனுக்குக் கறுப்புப் பட்டியல், இங்கே குற்றப்பத்திரிகை!

சில ஆட்சேபங்கள்

"படகின் சொந்தக்காரரும் மீனவர்தானே, அவரும் அதே படகில் போய்ச் சாகிறாரே, இதில் முதலாளி எங்கே?" என்று சிலர் கேட்கிறார்கள். உண்மைதான். ஹல் நகரத்துக் கப்பல் முதலாளி ஆபீசில் உட்கார்ந்திருந்தார். நம் தூத்தூர்க் கரையில் பலர் கூட்டுச் சேர்ந்து கடன் வாங்கிப் படகு கட்டுகிறார்கள். அவர்களே ஓட்டிப் போகிறார்கள். ஆனால் படகு அவர்கள் பெயரில் இருந்தாலும் பிடி வேறொருவர் கையில் இருக்கிறது. முன்பணம் கொடுத்தவர் மீனைத் தன்னிடமே தர வேண்டும் என்கிறார். விலையை அவர் வைக்கிறார். அவருக்கு மேலே ஏற்றுமதி வியாபாரி. 2023-24-ல் இந்தியா 60,000 கோடி ரூபாய்க்கு மேல் கடலுணவு ஏற்றுமதி செய்தது. பண்ணை இறால் அதில் பெரும்பங்கு என்றாலும் ஆழ்கடலில் பிடித்த மீனும் அதில் உண்டு. வருமானத்தில் நாட்டுக்குப் பங்கு; ஆபத்தில் மீனவன் மட்டும் தனி! கடன் தலைக்குமேல் நிற்கையில், "மேகம் கறுக்கிறது, திரும்பலாம்" என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? டீசல் செலவாவது தேறட்டும் என்று இன்னும் ஒரு நாள் நிற்கிறார்கள்.

"ஏழை நாடு, ஒவ்வொரு படகுக்கும் விலையுயர்ந்த கருவி கொடுக்க முடியுமா?" என்பது இன்னொரு ஆட்சேபம். இதை ஆவடித் தோழர்கள் முன்னே வைத்துச் சிரிக்கலாம். 1955 ஜனவரியில் இதே ஆவடியில் கூடித்தான் காங்கிரஸ் மகாசபை "சோஷலிச பாணி சமுதாயம்" என்று தீர்மானம் போட்டது. அதே ஆவடியில் பின்னால் டாங்கித் தொழிற்சாலை வந்தது. கனரக டாங்கி செய்யத் தெரிந்த நாடு இது. இன்னும் பொருத்தமான சாட்சி திருவனந்தபுரத்துக்கு அருகில் இருக்கிறது. தும்பா என்ற மீனவர் கிராமம் தன் நிலத்தையும் மரிய மக்தலேனா கோயிலையும் ராக்கெட் நிலையத்துக்காக விட்டுக்கொடுத்து வேறிடம் போயிற்று. 1963 நவம்பர் 21-ந் தேதி இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் அங்கிருந்துதான் கிளம்பியது. அதற்கு 54 வருஷம் கழித்து, அதே நவம்பரில், அதே கரையோரத்து மீனவர்கள், வானத்தில் நம்முடைய செயற்கைக்கோள்கள் சுற்றிக்கொண்டிருக்க, கீழே ஒரு வார்த்தை கேட்க வழியின்றி மூழ்கினார்கள். பணம் இல்லையா, அறிவு இல்லையா? இரண்டும் இருந்தன. மீனவன் கணக்கில் இல்லை, அவ்வளவுதான்.

வந்ததும் வராததும்

ஓகிக்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை பெறும் கருவிகள் வந்தன. ஆனால் முதலில் வந்தவற்றில் கரை சொல்வதைப் படகு கேட்கலாம், படகு சொல்வதைக் கரை கேட்காது. இரண்டு பக்கமும் செய்தி போகும் கருவியை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டத்தை மத்திய சர்க்கார் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைத்தது. காணாமல் போனவன் இறந்தான் என்று கொள்ளப் பழைய சட்டம் கேட்ட காலம் ஏழு வருஷம். அவன் வாயில் ஒரு குரலைக் கொடுக்கச் சர்க்காருக்குப் பிடித்த காலமும் ஏறக்குறைய அதுவே!

கருவி மட்டும் போதாது. 2007-ல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் மீன்பிடித் தொழில் பற்றி 188-வது உடன்படிக்கையை நிறைவேற்றிற்று. அது அமலுக்கு வந்த நாள் 2017 நவம்பர் 16. ஓகிக்குச் சரியாக இரண்டு வாரம் முன்பு! அதில் என்ன இருக்கிறது? கப்பலில் போகிறவர்களின் பெயர்ப்பட்டியல் புறப்படும் முன்பே கரையில் இருக்க வேண்டும். எழுத்தில் வேலை ஒப்பந்தம் வேண்டும். ஓய்வும் மருத்துவமும் வேண்டும். விபத்து நேர்ந்தால் பாதுகாப்பு வேண்டும். இந்தியா இந்த உடன்படிக்கையில் இன்னும் சேரவில்லை. எத்தனை பேர் போனார்கள் என்று தெரியாமல் தவித்த அந்த டிசம்பரை நினைத்துப் பாருங்கள். ஒரு தாள், ஒரு பேனா, பத்துப் பெயர். அது இருந்திருந்தால்?

பெயர்ப்பட்டியலின் அருமை நமக்குத் தெரியாததா? கேட் ரிஜிஸ்தரில் பெயர் ஏறாத ஒப்பந்தத் தொழிலாளி பிரஸ்ஸில் விரலை இழந்தால், "இவன் எங்கள் ஆளே இல்லை" என்று சொல்கிற கேள்வியறியாத ஞானிகளை நாம் பார்த்திருக்கிறோம். 1923-ல் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டமும், 1948-ல் ஈ.எஸ்.ஐ. சட்டமும் சும்மா வரவில்லை. தொழிலாளி தன்னைத் தொழிலாளி என்று எழுதவைத்த பிறகுதான் வந்தன. பங்குக்கு உழைக்கிற மீனவனை எந்தச் சட்டம் தொழிலாளி என்று எழுதியிருக்கிறது? முதலாளி யார் என்று காட்ட முடியாத இடத்தில் நஷ்டஈட்டை யாரிடம் கேட்பது? பெயர் எழுதப்படாதவன் சாகும்போது சாவும் எழுதப்படுவதில்லை.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே நம்முடைய கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். முதலாவது, கடலுக்குப் போகிற ஒவ்வொருவரின் பெயரும் புறப்படும் துறையில் பதிவாக வேண்டும்; வெளி மாநிலத்திலிருந்து கூலிக்கு வந்தவர் பெயரும் விடக்கூடாது. இரண்டாவது, இருவழிச் செய்திக்கருவி ஒவ்வொரு ஆழ்கடல் படகிலும் இலவசமாகப் பொருத்தப்பட வேண்டும். பொருத்திய பிறகு அது வேலை செய்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். மூன்றாவது, மீட்பு விமானமும் வேகக்கப்பலும் மீனவர் வாழும் கரைக்கு அருகிலேயே நிற்க வேண்டும். தேடும் குழுவில் மீனவர்களுக்கு இடம் வேண்டும். நான்காவது, 188-வது உடன்படிக்கையை இந்தியா ஏற்க வேண்டும். பங்குக்கு உழைக்கிறவனும் தொழிலாளி என்று சட்டம் சொல்ல வேண்டும். ஐந்தாவது, காணாமல் போனவரின் குடும்பத்துக்கு மாதாமாதம் உதவி உடனே தொடங்க வேண்டும். அடுத்த புயலுக்கும் தண்டவாளத்தில் உட்கார்ந்துதான் வாங்க வேண்டும் என்ற நிலை கூடாது.

இவையெல்லாம் மீனவர் கோரிக்கை, மீனவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று நினைப்பது தவறு. கடற்கரை ஊர்கள் ஓரத்தில் இருக்கின்றன; அவர்களின் குரல் கோட்டைக்கு எட்டுவது கஷ்டம். நாம் கோட்டைக்கு அருகில் இருக்கிறோம். நமக்குச் சங்கம் இருக்கிறது, கொடி இருக்கிறது, கூட்டம் போட இடம் இருக்கிறது. 1968-ல் ஹல் பெண்களுக்குப் பின்னே ஒரு நகரம் நின்றது. அதனால்தான் மந்திரிகள் கதவைத் திறந்தார்கள்.

தொழிலாளி இயக்கம் மீனவனுக்குப் பட்டிருக்கும் கடன் ஒன்றும் உண்டு. 1923 மே முதல் நாள், இந்தியாவிலேயே முதல் தடவையாகச் செங்கொடி ஏற்றி மே தினம் கொண்டாடியது சென்னைக் கடற்கரையில். அதை நடத்திய தோழர் சிங்காரவேலர் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். 1925-ல் கான்பூரில் கூடிய கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும் அவர்தான். கடற்கரையிலிருந்து அன்று அந்தக் கொடி ஆலைகளுக்கு வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஆலைகளிலிருந்து கடற்கரைக்குப் போக வேண்டியது இப்போது நம் முறை.

தோழர்களே! புயலை நிறுத்த நம்மால் ஆகாது. வடகடலில் ஐஸ் உறைவதையும் யாராலும் தடுக்க முடியாது. ஆனால் படகில் ஒரு கருவி, கரையில் ஒரு பட்டியல், துறையில் ஒரு மீட்புக் கப்பல், இவை மனிதன் செய்யக்கூடியவை. செய்யக்கூடியதைச் செய்யாமல் விட்டுவிட்டு அதற்கு விதி என்று பெயர் வைப்பதை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். அடுத்த வாரம் உங்கள் தொழிற்சாலை வாசலில் கோரிக்கைத் தாளோடு நம் தோழர்கள் நிற்பார்கள். கையெழுத்துப் போடுங்கள். போட்டுவிட்டுப் பக்கத்து மிஷினில் நிற்பவரிடமும் சொல்லுங்கள்.